வெள்ளை உடையும் ஒளிமானியும்

திருமணங்கள் மலிந்த மாதங்களில் நம் இல்லத்துக்கு அழைப்பிதழ்களோடு ஒரு வினாவும் வந்து சேர்வது வழக்கமாகிவிட்டது. "எந்தக் காமிரா வாங்கலாம்?" என்பது அவ்வினாவின் முதற்பாதி. "அதை எந்த நிலையில் வைத்து எடுக்கலாம்?" என்பது மறுபாதி. முதற்பாதியைக் கேட்போர் பலர். மறுபாதியைக் கேட்போர் மிகச் சிலர். ஆனால் படம் தேறுவதும் கெடுவதும் பெரும்பாலும் அந்த மறுபாதியில்தான் என்பது நம் துணிபு. நாம் தொழில்முறைப் படப்பிடிப்பாளர் அல்லோம். பள்ளியில் பௌதிகம் கற்பித்து ஓய்வு பெற்றோம். உற்றார் உறவினர் இல்லத் திருமணங்களில் 1988-ஆம் ஆண்டு தொடங்கிப் படம் எடுத்து வருகிறோம் என்பது ஒன்றே இதுபற்றி எழுத நமக்குள்ள தகுதி.

இவ்வாண்டு அவ்வினாவைக் கொண்டு வந்தவள் நம் தங்கையின் மகள். கல்லூரிப் படிப்பை முடித்து வீட்டிலிருப்பவள். மணவீட்டின் பெண்கள் பகுதியில் படம் எடுக்கப் பெண்கள்தாம் வேண்டும் என்று நம் கடற்கரை ஊர்க் குடும்பங்கள் தேடி அலைவதையும், கிடைக்காதபோது வெளியூரிலிருந்து வண்டி வைத்து அழைத்து வருவதையும் கண்டு, இதையே தொழிலாக ஏற்றால் என்ன என்று எண்ணியிருக்கிறாள். தோழி ஒருத்தியிடம் இரவல் வாங்கிய காமிராவைக் கொண்டுவந்து, அதன் தலையிலுள்ள சக்கரத்தைத் தொட்டுக் காட்டி, "மாமா, இதுல எதுல வச்சா எல்லாப் படமும் நல்லா வரும்? ஒண்ணு சொல்லுங்க, அப்புறம் மாத்தவே மாட்டேன்" என்றாள். அந்த ஒன்றை நம்மால் சொல்ல இயலவில்லை. ஏன் இயலவில்லை என்பதை அவளுக்கு விளக்கப் பல மாலைகள் பிடித்தன. அவற்றின் சாரத்தையே ஈண்டு எழுதுகிறோம்.

படம் எடுப்பது பற்றி மார்க்க அறிஞர்களிடையே நிலவும் கருத்து வேறுபாட்டுக்குள் நாம் நுழைய விரும்பவில்லை. எடுக்க வேண்டாம் என்று கூறும் இல்லங்களில் காமிராவைப் பைக்குள்ளேயே வைத்து விருந்துண்டு திரும்பியிருக்கிறோம். எடுக்கலாம் என்று கருதும் இல்லங்களுக்கே இக்கட்டுரை பயன்படும்.

படத்தின் வெளிச்சத்தைத் தீர்மானிப்பவை மூன்று. லென்ஸின் துவாரம் எவ்வளவு அகலமாக இருக்கிறது என்பது ஒன்று. ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது இரண்டு. ஐ.எஸ்.ஓ. என்று குறிக்கப்படும் உணர்திறன் மூன்று. சக்கரத்திலுள்ள நான்கு எழுத்துகளும் இவற்றுள் எதை நாம் முடிவு செய்கிறோம், எதைக் காமிராவிடம் விடுகிறோம் என்பதையே சொல்கின்றன. 'பி' என்றால் துவாரம், நேரம் இரண்டையும் காமிராவே தேர்ந்துகொள்ளும். 'ஏ' என்றால் துவாரம் நம்முடையது, நேரம் காமிராவுடையது. 'எஸ்' என்பது அதன் மறுதலை. 'எம்' என்றால் இரண்டும் நம் பொறுப்பு. சில நிறுவனத்தார் 'ஏ.வி.', 'டி.வி.' என்று வேறு எழுத்துகள் இடுவர்; பொருள் ஒன்றே. இவ்வசதிகள் ஒரே நாளில் வந்தவை அல்ல. 1971-இல் பென்டாக்ஸ் நிறுவனம் துவாரத்தை நம்மிடம் விட்டு நேரத்தைத் தானே கணிக்கும் காமிராவை வெளியிட்டது. 1976-இல் கேனன் ஏ.ஈ. 1 வந்து, நேரத்தை நம்மிடம் விட்டுத் துவாரத்தைத் தான் கணித்தது. மறு ஆண்டில் மினோல்டா எக்ஸ்.டி. இரண்டு வகையையும் ஒரே உடலில் சேர்த்தது. 1978-இல் கேனன் ஏ-1 'பி' நிலையையும் கூட்டிற்று. ஆக, இன்றைய சக்கரத்தின் அடிப்படை முழுவதும் ஏழே ஆண்டுகளில் அமைந்துவிட்டது. பின்னர் வந்தவை பெரும்பாலும் நுணுக்கங்களே.

துவாரத்தைப் பற்றிப் பேசும்போது பஸராவில் பிறந்து காஹிராவில் மறைந்த இப்னு ஹைதமை நினையாதிருக்க முடியாது. பதினோராம் நூற்றாண்டில் 'கிதாபுல் மனாளிர்' எழுதிய அப்பெருமகனார், சூரிய கிரகணத்தின் பிறை வடிவம் சிறு துளையின் வழியே சுவரில் விழுவதை ஆராய்ந்து தனி நூலும் செய்தார். துளை மிகச் சிறிதாயின் பிறை பிறையாகவே விழும். துளை பெரிதாயின் அது மழுங்கி வட்டமாகிவிடும் என்று அவர் கண்டு சொன்னார். துவாரத்தைச் சுருக்கினால் தெளிவு கூடும், வெளிச்சம் குறையும் என்று நாம் இன்று சொல்லும் பாடத்துக்கு அது நெருங்கிய உறவினம். 'காமிரா' என்ற சொல்லே அரபு மொழியிலிருந்து வந்தது என்று மேடைகளில் முழங்குவோர் உளர். அது வளைகூரை அறையைக் குறிக்கும் கிரேக்கச் சொல் இலத்தீன் வழியாக வந்தது. அவர் புகழுக்கு அந்தப் பொய்த்தாங்கல் தேவையில்லை. 2015-ஆம் ஆண்டை ஒளி ஆண்டாக ஐ.நா. கொண்டாடியபோது அவர் பெயரையும் உலகம் நினைவுகூர்ந்தது.

இனி, நம் திருமணங்களுக்கே உரிய இடர்ப்பாட்டுக்கு வருவோம். காமிராவுக்குள் இருக்கும் ஒளிமானிக்கு எதிரே இருப்பது இன்னதென்று தெரியாது. காண்பதெல்லாம் இடைநிலைச் சாம்பல் நிறம் என்று கருதியே அது கணக்கிடும். தன்மேல் விழும் ஒளியில் சுமார் 18 விழுக்காட்டைத் திருப்பியனுப்பும் சாம்பல் அட்டையை அக்காலத்துப் படப்பிடிப்பாளர்கள் பையில் வைத்திருந்தது இதனால்தான். வெள்ளைத் துணியோ விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பிவிடும். நிக்காஹ் சபையை ஒரு முறை எண்ணிப் பாருங்கள்! வெள்ளைச் சுவர், வெள்ளை விரிப்பு, வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கைலி, வெள்ளைத் தொப்பி. இவற்றுக்கு நடுவே மாநிறமும் கருமையுமான முகங்கள். ஒளிமானி இவ்வளவு வெளிச்சமா என்று மருண்டு ஒளியைக் குறைத்துவிடும். வெள்ளை சாம்பலாகும், முகமோ இருளாகும். பெண்கள் பகுதியில் கறுப்புப் பர்தாக்கள் நிறைந்திருந்தால் நேர்மாறு. இருட்டென்று எண்ணி ஒளியை அள்ளி வார்த்துக் கறுப்பைச் சாம்பலாக்கும். முகம் வெளிறிச் சுண்ணாம்பாகும். 'பி', 'ஏ', 'எஸ்' ஆகிய மூன்று நிலைகளிலும் காமிரா இந்த ஒளிமானியின் சொல்லையே கேட்கிறது. புதிய காமிராக்கள் முகத்தை அடையாளம் கண்டு ஓரளவு திருத்திக்கொள்கின்றன என்பது உண்மை. ஆனால் முதல் வரிசையில் தலைகுனிந்திருக்கும் நாற்பது தொப்பிகளுக்கிடையில் அது எந்த முகத்தைத் தேடும்?

ஒளிமானியை மட்டும் குறைகூறுவது நீதியாகாது. வண்ணப்பட அச்சுக்கூடங்களில் நிறத்தைச் சரிபார்க்கக் கோடாக் நிறுவனம் அனுப்பிய மாதிரி அட்டையில் நெடுங்காலம் வெண்ணிறப் பெண்ணொருத்தியின் முகமே இருந்தது. தொழிலில் அதற்கு ஷெர்லி அட்டை என்று பெயர். பல நிறத்தவரும் இடம்பெற்ற அட்டைகள் 1990-களில்தான் வந்தன. நம் முகங்கள் அக்காலத்து வண்ணப் படங்களில் ஏன் அப்படி விழுந்தன என்பதற்கு இதுவும் ஒரு விடை.

இதில் நமக்குச் சொந்த இழப்பு ஒன்றுண்டு. 1986-இல் நம் ராத்தாவின் நிக்காஹ் நடந்தது. அதற்காக வாப்பா தம்மாமிலிருந்து நாற்பது நாள் விடுப்பில் வந்திருந்தார்கள். பக்கத்து ஊர் ஸ்டுடியோ ஒன்றிலிருந்து வந்தவர், வெளிச்சத்தைத் தானே அளந்து நிறுத்திக்கொள்ளும் தானியங்கிப் பிளாஷைக் காமிராவின் மேல் மாட்டியிருந்தார். அப்போது அது பெருமைக்குரிய கருவி. பிளாஷின் நெற்றியிலுள்ள சிறு கண், எதிரேயிருந்து திரும்பும் ஒளி போதும் என்று கண்டதும் விளக்கை அணைத்துவிடும். வெள்ளைச் சட்டைகள் திருப்பியனுப்பிய ஒளியைக் கண்டு அது முன்னதாகவே அணைந்துவிட்டது, ஒவ்வொரு படத்திலும். வாப்பா மாப்பிள்ளையின் கையைப் பற்றியபடி பெண்ணைக் கொடுத்தேன் என்று சொல்லும் படம் ஆல்பத்தின் நடுப்பக்கத்தில் இருக்கிறது. தொப்பி தெரிகிறது. சட்டையின் மடிப்புத் தெரிகிறது. கை தெரிகிறது. முகம் இருக்குமிடத்தில் கருமை படிந்திருக்கிறது. விடுப்பு முடிந்து சென்ற வாப்பா மறு ஆண்டு அங்கேயே மௌத்தாகி அங்கேயே அடங்கினார்கள். அவர்களைக் காட்டும் வண்ணப்படம் வேறில்லை. சில ஆண்டுகளுக்கு முன் அந்த நெகடிவைத் தேடியெடுத்துச் சென்னையில் நல்ல கருவியில் ஸ்கேன் செய்து பார்த்தோம். ஒளி விழாத நெகடிவில் எதுவும் பதிந்திருப்பதில்லை. எடுப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. பரல் பரலான புள்ளிகளே வந்தன.

சவூதியிலும் துபாயிலும் இருந்தவர்களுக்கு ஆல்பத்தைக் கொடுத்தனுப்பிய காலம் அது. தங்கையின் திருமணத்துக்கு வர முடியாத தமையன், அங்கே எட்டுப் பேர் தங்கும் அறையில் அதை விரித்து வைத்துக்கொண்டு உம்மாவின் முகத்தைத் தேடுவான். ஒளியின் அளவு கணக்குப் பிழையாவது அங்கே என்ன செய்யும் என்பதை இதை வாசிக்கும் குடும்பங்களுக்கு நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

1988-இல் நாம் பழையதாக வாங்கிய பென்டாக்ஸ் கே 1000 முழுவதும் கையால் இயங்குவது. கண்ணாடிக்குள் ஒரு முள் ஆடும். அதைப் பார்த்துத் துவாரத்தையும் நேரத்தையும் நாமே திருப்ப வேண்டும். மின்கலம் தீர்ந்தாலும் ஷட்டர் ஓடும். முள் மட்டுமே உறங்கும். அதில் பழகிய ஒரு கணக்கைத்தான் தங்கையின் மகளுக்கு முதலில் கற்பித்தோம். மனிதரின் முகநிறம் எத்தனை வேறுபட்டாலும் உள்ளங்கையின் நிறம் அவ்வளவு வேறுபடுவதில்லை. அது சாம்பல் அட்டையைவிட ஏறத்தாழ ஒரு ஸ்டாப் அதிக ஒளியைத் திருப்பும்; அதாவது இரு மடங்கு. மாப்பிள்ளை வந்து அமர்வதற்கு முன் அவர் அமரப்போகும் விரிப்பருகே சென்று, அவர் முகத்தில் விழப்போகும் ஒளி நம் உள்ளங்கையில் விழும்படி கையைப் பிடித்து, காமிரா முழுக்க அந்தக் கையையே காட்டி அளக்க வேண்டும். கிடைத்த அளவுக்கு ஒரு ஸ்டாப் கூடுதலாக ஒளியைத் திறந்து, 'எம்' நிலையில் அதைப் பதித்துவிட வேண்டும். அதன்பின் ஒளிமானி என்ன கூவினாலும் செவிசாய்க்கலாகாது. அக்கம்பக்கத்தார் நாம் கைரேகை பார்ப்பதாக எண்ணிச் சிரிப்பதுண்டு. சிரிக்கட்டும்.

"ஏன் 'எம்'? 'ஏ'-யில வச்சுட்டு, வெள்ளை அதிகமா இருந்தா கொஞ்சம் கூட்டிக்கலாம்னு சொல்றாங்களே?" என்று அவள் மடக்கினாள். நியாயமான கேள்வி. 'ஏ' நிலையில் கூட்டல் கழித்தல் பொத்தான் உண்டு. வெள்ளை நிறைந்த காட்சிக்கு ஒன்று அல்லது ஒன்றேகால், ஒன்றரை என்று கூட்டினால் சரியாகும். ஆனால் அடுத்த காட்சியில் கருநீலக் கோட்டணிந்த மாப்பிள்ளை மட்டும் நிறைந்திருப்பார். அப்போது கழிக்க வேண்டும். அடுத்து ஹஜ்ரத்தும் பதிவுப் புத்தகமும். மீண்டும் கூட்ட வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கணக்கு. குத்பா சில நிமிடங்கள் ஓடும். ஆனால் கைப்பிடித்துக் கொடுப்பதும், "கபூல்" என்று ஏற்பதும் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த அரை நிமிடத்தில் ஆடைகள் மாறுகின்றனவே தவிர ஒளி மாறவில்லை. மாறாத ஒன்றை ஒருமுறை அளந்து வைத்துவிட்டு, மாறுகின்ற முகங்களில் கண்ணைச் செலுத்துவதல்லவா முறை? 'எம்' நிலை வல்லுநர்களுக்கே உரியது என்று அஞ்சுவோர் பலர். ஒளி நிலையாக இருக்கும் ஓரிடத்தில் அதுவே ஆகச் சோம்பலான நிலை என்பதை அவர்கள் அறியார்.

ஒளி மாறும் இடங்களில் கதை வேறு. மாப்பிள்ளை ஊர்வலம் தெருவெயிலில் வந்து, பந்தலின் நிழலில் நுழைந்து, வாசற்படி ஏறி உள்ளே மறையும் இருபதடி தூரத்துக்குள் ஒளி பல மடங்கு வீழும். அங்கே 'எம்' பிடிவாதம் உதவாது. 'ஏ'-யில் வைத்து, ஐ.எஸ்.ஓ.வைத் தானியங்கியாக விட்டு, நேரம் 1/200-க்குக் கீழே இறங்காதபடி எல்லை கட்டிவிடலாம். தஃப் அடித்து வருவோரின் கைகள் தெளிவாக நிற்க வேண்டுமாயின் 'எஸ்' நிலையில் 1/500. நம் ஊர் நண்பகல் வெயிலுக்கு ஒளிமானியே வேண்டியதில்லை. துவாரம் எஃப் 16, நேரம் ஐ.எஸ்.ஓ. எண்ணின் பின்னம் என்ற பழைய பிலிம் பெட்டிக் கணக்கு இன்றும் பொய்க்கவில்லை. 'பி' நிலையை இகழ்வோர் உண்டு. நாம் இகழ மாட்டோம். பந்தியில் அமர்ந்திருக்கையில் காமிராவை மச்சானிடம் கொடுத்து, "நம்மையும் ஒன்று எடும்" என்று சொல்லும்போது வைப்பதற்கு அதைவிடச் சிறந்த நிலை இல்லை.

பிலிமில் பழகிய நம்மவர் டிஜிட்டலுக்கு வந்தபோது தலைகீழாகக் கற்க வேண்டிய பாடம் ஒன்றிருந்தது. நெகடிவ் பிலிம் ஒளி மிகுந்தால் பொறுத்துக்கொள்ளும், குறைந்தால் பொறுக்காது. டிஜிட்டலில் இருளில் மறைந்ததை ஓரளவு மீட்கலாம். ஆனால் வெள்ளை ஒருமுறை எரிந்துவிட்டால் அதில் ஒரு நூலிழையும் மீளாது. ஆகவே உள்ளங்கைக் கணக்குப்படி பதித்த பின், வெள்ளைச் சட்டையொன்றை எடுத்துப் பார்த்து, திரையில் எரிந்த இடங்கள் மின்னுகின்றனவா என்று நோக்க வேண்டும். தோளோரத்தில் சிறிது மின்னினால் கவலையில்லை. சட்டை முழுவதும் மின்னினால் மூன்றிலொரு ஸ்டாப் குறைக்கலாம். ரா என்னும் கச்சா வடிவில் பதிவு செய்துகொள்வது இங்கே பெரும் காப்பு. முகத்துக்கும் சட்டைக்கும் இடையே தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை வந்தால், நாம் முகத்தின் பக்கம்.

அடுத்து, பிளாஷ். நூறு வேகமுள்ள பிலிமை வைத்துக்கொண்டு குழல்விளக்கு எரியும் கூடத்தில் எஃப் 2.8 துவாரத்தில் படமெடுத்தால் ஷட்டர் 1/8 வினாடி திறந்திருக்க வேண்டியிருந்தது. கை நடுங்கும், ஆளும் அசைவார். ஆகவே பிளாஷ் தவிர்க்க முடியாததாயிற்று. இன்று ஐ.எஸ்.ஓ. 1600-இல் அதே ஒளிக்கு 1/125 கிடைக்கிறது. படமும் பழுதின்றி வருகிறது. எனவே குத்பா நடக்கும்போது பிளாஷ் அடிப்பதை நாம் அறவே விட்டுவிட்டோம். ஓதுபவரின் கண்ணில் மின்னலடிப்பது அவைமரியாதையும் அன்று. குடும்பத்தார் வரிசையாக நிற்கும் படங்களுக்கு மட்டும் பிளாஷ் வேண்டும். அதை நேராக அடியாமல் கூரையை நோக்கித் திருப்பி, வெளிச்சத்தை மேலிருந்து இறங்கச் செய்தால் முகம் பூசினாற்போல் வரும். ஆனால் கூரை வெள்ளையாக இருக்க வேண்டும் என்பதை மறக்கலாகாது. நம் வீடுகளிலும் மண்டபங்களிலும் பச்சைச் சுவருக்குப் பஞ்சமில்லை. அதில் பட்டுத் திரும்பும் ஒளி மணமகளைக் காமாலை கண்டவளாக்கிவிடும். சிவப்பும் மஞ்சளுமாகத் துணிகட்டிய பந்தலும் அப்படியே. அத்தகைய இடங்களில் கையகல வெள்ளை அட்டையொன்றைப் பிளாஷின் பின்னே ரப்பர் வளையத்தால் கட்டிவிட்டால் போதும். விலையுயர்ந்த குடைகளுக்கு அது குறைந்ததன்று. பிளாஷ் மாட்டியபின் 'ஏ'-யில் வைப்பதிலும் ஓர் ஆபத்துண்டு. சில காமிராக்கள் பின்னணி இருட்டுக்காக ஷட்டரை அரைக்கால் வினாடிவரை நீட்டிவிடும். உருவத்தோடு அதன் ஆவியும் சேர்ந்து விழும். 'எம்' நிலையில் வைத்தால் அறையின் ஒளியைத் துவாரமும் நேரமும் ஐ.எஸ்.ஓ.வும் கவனிக்கும், ஆளின்மேல் விழும் ஒளியைப் பிளாஷ் கவனிக்கும். அந்தப் பிளாஷும் வெள்ளைச் சட்டையைக் கண்டு இன்றும் மருள்கிறது என்பதால், அதற்கும் தனியே சிறிது கூட்டிக்கொள்க.

புதிய மிரர்லெஸ் காமிராக்களில் ஓசையே இல்லாத ஷட்டர் உண்டு. நிக்காஹ் சபைக்கென்றே செய்ததோ என்று நாமும் முதலில் மகிழ்ந்தோம். ஆனால் நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று. அதில் எரியும் குழல்விளக்கு வினாடிக்கு நூறு முறை மங்கித் துலங்குகிறது, மலிவான எல்.இ.டி. விளக்குகளும் அவ்வாறே. ஓசையற்ற ஷட்டர் காட்சியை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிப்பதால், அந்த மங்கலும் துலக்கமும் படத்தில் பட்டைப் பட்டையாகப் பதிந்துவிடும். நேரத்தை 1/100 அல்லது 1/50 என்று வைத்தால் இது பெரும்பாலும் நீங்கும். குத்பாவின்போது எல்லோரும் அமைதியாக அமர்ந்திருப்பதால் 1/100 போதுமானது. எழுந்து ஒருவரையொருவர் தழுவத் தொடங்கியதும் ஓசையுள்ள ஷட்டருக்கும் 1/200-க்கும் மாறிவிடலாம். அப்போது எழும் ஆரவாரத்தில் காமிராவின் ஓசை யாருக்குக் கேட்கப்போகிறது!

கருவிகளைப் பற்றிச் சுருங்கச் சொல்வோம். இதில் விலைப்பட்டியல்களே பெரிதும் பேசுகின்றன. உடலைவிட லென்ஸுக்குச் செலவிடுக. முதல் லென்ஸாக எஃப் 1.8 திறக்கும் 50 மில்லிமீட்டர் போதும்; விலையும் குறைவு. குறுகிய வீடுகளுக்கு 35 மில்லிமீட்டர் அடுத்தது. மேடைக்கு எட்ட நின்று எடுக்க உதவும் 70–200 மில்லிமீட்டர் பெரிய லென்ஸை வாங்கவே வேண்டாம், வாடகைக்குக் கிடைக்கிறது. கார்டு இரண்டு செருகும் வசதியுள்ள உடலையே தேர்க. ஒரே படம் இரண்டிலும் பதிய வேண்டும். நிக்காஹ் இரண்டாம் முறை நடவாது. பழைய கண்ணாடிக் காமிராக்கள் இன்று மலிவாகக் கிடைக்கின்றன, அவற்றிலும் நல்ல படம் வரும். ஆயினும் கற்போருக்கு மிரர்லெஸ் ஒரு பேருதவி செய்கிறது. வெள்ளை சாம்பலாகப்போவதையும் முகம் இருளப்போவதையும் பொத்தானை அழுத்துமுன்பே கண்ணாடிக்குள் காட்டிவிடுகிறது. நாம் பத்தாண்டுகளில் கற்றதைத் தங்கையின் மகள் பத்து நாளில் கற்றது அதனால்தான். பிளாஷ் மாட்டும்போது மட்டும் அந்த முன்காட்சியை நிறுத்திவிட வேண்டும்; இல்லையேல் கண்ணாடிக்குள் கும்மிருட்டே தெரியும்.

பெண்கள் பகுதியின் இலக்கணம் தனி. மாமியாரோ நாத்தனாரோ மணமகளுக்குக் கருகமணி கட்டும் தருணம் அங்கே தலையாயது. கடுகுபோன்ற கறுப்பு மணி, பளபளக்கும் பொன், சரிகை மின்னும் சேலை, நாணிக் கவிந்த முகம். இத்தனையும் ஒரு சாணுக்குள். நேர்ப் பிளாஷ் அடித்தால் பொன் தீப்பற்றும், மணி மறையும். சாளரத்தின் ஓரமாக மணமகளை அமர்த்தும்படி முன்னதாகவே பெரியவர்களிடம் பணிவாகக் கேட்டுக்கொள்வது நூறு கருவிகளுக்குச் சமம். துவாரத்தை எஃப் 1.8 வரை திறந்துவிட்டால் மணமகளின் இமை தெளிவாகவும் கட்டுகின்ற கை மழுங்கலாகவும் வரும். கட்டுபவளும் படத்துக்கு உரியவள்தான். எஃப் 4 வைத்து ஐ.எஸ்.ஓ.வை ஏற்றிக்கொள்வதே தக்கது.

அங்கே காமிராவைவிடப் பெரிய பொறுப்பு ஒன்றுண்டு என்று அவளிடம் நாம் அழுத்திச் சொன்னோம். தலைமறைவின்றி, அயலார் பார்வையின்றி மகிழ்ந்திருக்கும் பெண்கள், எடுப்பவள் ஒரு பெண் என்ற ஒரே நம்பிக்கையில் படத்துக்கு நிற்கிறார்கள். அந்தப் படங்கள் இன்று ஒரு விரலசைவில் ஊரைச் சுற்றி வந்துவிடும். ஆகவே பெண்கள் பகுதிக்கென்று தனிக் கார்டு. அதைக் கணினியில் ஏற்றித் திருத்துவதும் அவளே. ஆண்கள் பணியாற்றும் அச்சகத்துக்குக் கோப்பை அனுப்புவதாயின் மணமகளின் உம்மாவைக் கேட்ட பின்பே. மாதிரிப் படம் என்று எதையும் எங்கும் வெளியிடுவதில்லை. படங்களை ஒப்படைத்தபின் எத்தனை நாளில் தன்னிடமுள்ள படிகளை அழிப்பாள் என்பதையும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். "அப்ப எனக்கு விளம்பரமே கிடைக்காதே மாமா?" என்றாள். நம் தங்கை குறுக்கிட்டு, "நீ காட்ட மாட்டேங்கிறதுதாண்டி உனக்கு விளம்பரம்" என்றாள். நாம் சொல்ல எண்ணியிருந்ததைவிட அது நன்றாக இருந்தது.

கடற்காற்றைப் பற்றி ஒரு சொல். குளிரூட்டிய மண்டபத்திலிருந்து காமிராவை எடுத்துக்கொண்டு வெளியே வந்ததும் லென்ஸ் வியர்த்துவிடும்; மாப்பிள்ளை வண்டியேறும் நேரத்தில் துடைக்கத் துடைக்கப் படியும். வெளியேறுவதற்குக் கால்மணி முன்னரே அதைப் பைக்குள் வைத்து மூடி வெளியே அனுப்பிவிட்டால், பைக்குள்ளேயே மெல்லச் சூடேறித் தெளிந்துவிடும். மழைக்காலத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை நூல்விடும். சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப்புகாத பெட்டியில் வைக்க வேண்டும். நிறம் மாறும் வகையாயின், மாறியதும் சூடேற்றி உலர்த்திக்கொள்ளலாம். தோலுறைக்குள் பூட்டி வைப்பது பூஞ்சையை விருந்துக்கு அழைப்பதாகும்.

தங்கையின் மகள் சென்ற மாதம் முதன்முறையாகக் கூலிக்குப் படமெடுத்தாள். இரவல் உடல், சொந்தமாக வாங்கிய 50 மில்லிமீட்டர் லென்ஸ், கூரையை நோக்கித் திருப்பிய ஒரு பிளாஷ். மணமகளின் வாப்பா ரியாத்தில் இருக்கிறார், விடுப்புக் கிடைக்கவில்லை. அறுநூற்றுச் சொச்சம் படங்களில் பாட்டியார் ஒருவர் மணமகளின் நெற்றியில் முத்தமிடும் படத்தைத்தான் அவர் முதலில் கேட்டு வாங்கினாராம். அதை எடுத்தது 'எம்' நிலையில், ஐ.எஸ்.ஓ. 1600, எஃப் 2.8, 1/100 வினாடி என்று நம் குறிப்பேட்டில் அவளே எழுதி வைத்திருக்கிறாள். பாட்டியாரின் வெள்ளைத் துப்பட்டியில் நூல் தெரிகிறது, முகமும் தெரிகிறது.